'வை' என்று சொல்லாத மச்சான்

எங்கள் முப்பாட்டனார் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குப் பின்பக்கமாக நடந்தே போய்க் குடியேறியவர். கையில் ஒரு தேக்கு பீரோ. வழியில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் குடும்பத்துக்குப் 'பின்நடையார்' என்று பெயர் வந்த கதை இதுதான். இதை இவ்வளவு சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம், ஆனால் எனக்கு மனசு வராது.

விவரம் தெரிந்த நாளிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனார்கள், வீட்டில் அடுப்பே இல்லாதவர்கள் உட்பட. ஒரே ஒருவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் கடைசி வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, "புளுகு" என்று முத்திரை குத்துவார். என் மனைவியின் அண்ணன். ஓய்வுபெற்ற சர்வேயர். உலகத்தில் எதுவும் அளந்து பார்த்தால்தான் அவருக்கு இருப்பதாகவே அர்த்தம். என் மகள் பிறந்த அன்று குழந்தையைத் தூக்கிக் கையில் கொடுத்தோம். மனிதர் கொஞ்சுவதற்கு முன்னால் நீளம் பார்த்தார்.

கதை புரிய வேண்டுமானால் எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீடு மாற்றிக்கொண்டு போகிறவர்களுக்குச் சாமான் தூக்கிக் கொடுப்பதுதான் எங்களுக்குப் பரம்பரைப் பிழைப்பு. கனமான ஒன்றை இரண்டு பேர் தூக்கினால் ஒருவர் முன்னால் பார்த்து நடப்பார், மற்றவர் பின்பக்கமாகத்தான் நடந்தாக வேண்டும். பின்பக்கம் நடப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. கழுத்து திரும்பினால் தோள் இறங்கும், தோள் இறங்கினால் சாமான் சரியும். அவருக்குக் கண் என்பது எதிரில் இருப்பவர்தான். 'படி', 'இடது', 'நிலைப்படி' என்று எதிராளி சொல்லச் சொல்ல இவர் போவார். 'வை' என்றால் வைப்பார். சொல்லாதவரை நடப்பார். ஊரே கூடி நின்று கத்தினாலும் சரி, மறுமுனையைப் பிடித்திருப்பவர் சொன்னால்தான் செல்லும்.

இனி முப்பாட்டனார். கல்யாணமான புதிதில் முப்பாட்டியின் பீரோவை அடுத்த தெருவில் பார்த்திருந்த வீட்டுக்குக் கொண்டுபோக அவரும் முப்பாட்டியின் அண்ணனான அவருடைய மச்சானும் சேர்ந்து தூக்கினார்கள். பின்பக்கம் நடந்தவர் எங்கள் ஆள். தூக்கிய கையோடு சும்மா வராமல், "உங்கப்பா குடுத்த மரமா இது, தட்டினா மாவு கொட்டுதே" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டார். மச்சானுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வாயை மூடினவர் திறக்கவில்லை. புது வீடு வந்தது, 'வை' வரவில்லை. முப்பாட்டனாரும் தொழில் சுத்தமானவர், நிற்கவில்லை. வீடு போயிற்று, தெரு போயிற்று, ஊர் போயிற்று.

முப்பாட்டி தலையில் பாத்திர மூட்டையும் கக்கத்தில் ஒரு கோழியுமாகப் பின்னாலேயே வந்தாள். ஆம்பிளைகள் இரண்டு பேர் வாயே திறக்காமல் இவ்வளவு தூரம் போகிறார்கள் என்றால் ஏதோ பெரிய திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு நினைப்பு. நடுவில் ஒரு ஆறு குறுக்கிட்டது. ஆறு இவர்களைக் கண்டு ஒதுங்கி வழிவிட்டது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், எனக்குப் புளுகு பிடிக்காது. முழங்காலளவு தண்ணீர், அவ்வளவுதான். கோழி பீரோவின் இழுப்பறையில் அடைகாத்தது. எல்லைக்கு வந்தபோது குஞ்சுகள் வளர்ந்து அவையும் முட்டை போட்டுக்கொண்டிருந்தன.

எல்லையில் காவலர்கள் நின்றார்கள். ஒரு மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறார். முகம் வந்த நாட்டைப் பார்க்கிறது, கால் எதிர்த் திசையில் போகிறது. இவர் வருகிறாரா, போகிறாரா? விட்டுவந்த நாட்டுக் காவலர் முகத்தைப் பார்த்து, இவர் திரும்பி வருகிறார் என்று நினைத்தார். போய்ச் சேருகிற நாட்டுக் காவலர் முதுகைப் பார்த்து, இவர் கிளம்பிப் போகிறார் என்று நினைத்தார். இரண்டு பேரும் சலாம் வைத்தார்கள். நுழைவுச் சீட்டு இல்லாமல் எங்கள் வம்சம் அப்படித்தான் நாடு மாறியது. அங்கே பார்த்தவர்கள் வைத்த பெயர்தான் பின்நடையார்.

ஒரு நாள் ஓரிடத்தில் மச்சான் கடைசியாக 'வை' என்றார். வைத்தார்கள். வைத்த பீரோவை அதற்கப்புறம் யாரும் நகர்த்தத் துணியவில்லை, அதைச் சுற்றியே சுவர் எழுப்பிக் கூரை போட்டுக் குடியிருந்தார்கள். அந்த வீட்டின் பழைய புகைப்படம் ஒன்று எங்கள் கூடத்தில் தொங்குகிறது. அதன் பிறகு பெயர் மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. தாத்தா அதைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார், அப்பா இந்த ஊருக்குக் கொண்டுவந்தார். அவர் வந்தது ரயிலில்தான். அதிலும் எஞ்சினுக்கு முதுகு காட்டும் இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்துதான் வந்தார். நானே கால் முன்னால் வரப் பிறந்தவன்.

என் மச்சானுக்கு, அந்த சர்வேயருக்கு, இதில் மூன்று ஆட்சேபணை. ஒன்று, வீடு தாண்டிவிட்டது என்று தெரிந்தும் நிற்காமல் போக, சித்தம் தெளிந்த இரண்டு பேரால் முடியாது. இரண்டு, அவ்வளவு வைராக்கியமாக வந்தவர் கடைசியில் எதற்கு 'வை' என்றார் என்பதற்கு நான் ஆளுக்கொரு காரணம் சொல்கிறேன். ஒரு தடவை தாகம் என்றேனாம், ஒரு தடவை மழை, ஒரு தடவை தும்மல். மூன்றாவதுதான் அவருக்குப் பிடித்த ஆட்சேபணை. புகைப்படத்தில் வீட்டு வாசல்படிக்கு முன்னால் ஒரு கிணறு இருக்கிறது. படிக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு ஆள் நின்று செருப்பு மாட்ட இடம் கிடையாது. வரும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதைப் பார்ப்பார்.

"எந்த முட்டாள், மாப்பிள்ளை, கிணத்துக்குள்ள இறங்கற மாதிரி வாசல் வெப்பான்? மனை மொத்தமும் காலியா கிடந்திருக்கு. இது உங்க வீடே இல்ல. எங்கயோ கடையில வாங்கின படம்."

அவர் கண்டுபிடிப்பு என்னவென்றால், எங்கள் ஆட்கள் கூட்டத்தோடு ஊர் மாறிப் போகும்போது சோம்பேறித்தனமாகக் கடைசியில் நடந்து வந்தவர்கள், அதனால் பின்நடையார். இதை என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே சொல்வார்.

இதெல்லாம் பொழுதுபோக்காகத்தான் இருந்தது, என் மகள் புது லாரி வாங்கும் வரை. தொழிலை இப்போது நடத்துவது அவள்தான். என்னைவிடக் கெட்டிக்காரி. பழைய வண்டியின் நெற்றியில் 'பின்நடையார்' என்று எழுதியிருந்தது. புது வண்டியில் 'சிறகு' என்று எழுதப் போவதாக ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. வாடிக்கையாளர்கள் இது என்ன பேர் என்று கேட்கிறார்களாம், அவளால் சிரிக்காமல் கதையைச் சொல்ல முடியவில்லையாம். பீரோவைத் தூக்கிக் கொடுக்க வந்தவர்கள் பீரோவோடு நாட்டை விட்டே போய்விட்டார்கள் என்று சொன்னால் எவன் சாமானைக் கொடுப்பான் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், அதுதான் இன்னும் வலித்தது.

நான் மகன் இல்லாதவன். இந்தப் பெயர் நாடு தாண்டி, ஆறு தாண்டி, ரயில் ஏறி வந்து கடைசியில் அவள் கையில்தான் நிற்கிறது. அவள் வண்டியிலிருந்து இறக்கிவிட்டால் அப்புறம் அது ஏறிக்கொள்ள வேறு வண்டி இல்லை. இதை அவளிடம் இப்படிச் சொல்லவில்லை. முப்பாட்டனார் கோபித்துக்கொள்வார் என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கொஞ்சம் இரங்கினாள்.

"சரிப்பா. இந்தக் கதையை நம்பற ஒரு ஆளைக் காட்டுங்க. மாமா நம்பறேன்னு சொல்லட்டும், பேர் அப்படியே இருக்கும். திங்கட்கிழமை பெயிண்டர் வர்றார்."

சூரியனைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டு என்றிருந்தால் முயற்சி செய்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானே வீடு மாற வேண்டியிருந்தது. மூட்டு வலி, மாடி ஆகவில்லை. அதே தெருவில் நாலு வீடு தள்ளி, பச்சை கேட் போட்ட ஒரு தரைதள வீட்டைப் பிடித்திருந்தார். சாமானெல்லாம் போய்விட்டது. அவர் அம்மாவின் பழைய ஒற்றைக்கதவு பீரோ மட்டும் பாக்கி. மகளின் ஆட்கள் வேறு ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு தாமதமானார்கள். அவர்கள் வரும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது என்று எங்கள் இருவரையும் பார்த்து விரலை ஆட்டிச் சொல்லிவிட்டு, மகள் தன் அம்மாவோடு புது வீட்டைக் கூட்டப் போனாள்.

தொடக் கூடாது என்று ஒரு பின்நடையாரிடம் சொல்லலாமா? உள்ளே வெறும் காற்றுதான், சாமான் தூக்கும் தோள்பட்டியைப் போட்டுக்கொண்டால் தலையணை மாதிரி வரும் என்று மச்சானைக் கிளப்பிவிட்டேன். படியில் கீழே நான் பின்பக்கமாக, மேலே அவர். படி திரும்புகிற இடத்தில் அவர் நிறுத்தி, டேப்பை எடுத்து அளந்து, படுக்கைவாட்டில் திரும்பாது, நிமிர்த்தித்தான் ஆக வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி. எனக்குத்தான் பொறுமை இல்லை. ஒரு எக்கு எக்கினேன். பீரோ திரும்பியது, பக்கவாட்டில் ஒரு நீளக் கீறலோடு.

"பழைய கீறல்தான் மச்சான்," என்றேன்.

"எங்கம்மா தினம் எண்ணெய் போட்டுத் துடைச்ச பீரோ."

அங்கேயே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடினேனா? "எவ்வளவு எண்ணெய் குடிச்சும் மாவாத்தானே கொட்டுது" என்று வந்துவிட்டது. யார் வாயிலிருந்து என்று எனக்கே தெரியவில்லை. தாடையை இறுக்கிக்கொண்டு அவர் மெதுவாகச் சொன்னார்.

"இனிமே உங்ககூட ஒரு வார்த்தை பேசினா என் பேரை மாத்தி வெச்சுக்கறேன்."

அதோடு சரி. மீதிப் படியெல்லாம் நான் குதிகாலால் தடவித் தடவி இறங்கினேன். தெருவுக்கு வந்தோம்.

பின்பக்கம் நடப்பவனுக்கு வரப்போவது தெரியாது, போனது மட்டும்தான் தெரியும். மச்சான் வீட்டு மாடி என் கண்ணெதிரே சிறிதாகிக்கொண்டு போயிற்று. அப்புறம் ஓரக்கண்ணில் பச்சையாக ஏதோ வந்தது. கேட். முழுசாக வந்தது. கேட்டுக்குள்ளிருந்து துடைப்பத்தோடு என் மகள் வந்தாள், பின்னாலேயே என் மனைவி. மகள் "அப்பா, இங்கதான்" என்றாள். நன்றாகவே காதில் விழுந்தது. ஆனால் பீரோவின் மறுமுனையில் அவள் கை இல்லையே.

நான் மச்சானைப் பார்த்தேன். அவரும் கேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணிலே, முதலில் அவரே நிற்கட்டும் என்று எழுதி ஒட்டியிருந்தது. என் கண்ணில் என்ன எழுதியிருந்ததோ, அவர் நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார். மகள் துரத்தி வரப் பார்த்தாளாம், என் மனைவிதான் தடுத்தாளாம். "விடு, பசிச்சா வருவாங்க" என்றாளாம். முப்பாட்டியே கோழியைக் கக்கத்திலிருந்து இறக்கிவிட்டு வந்து சொன்ன மாதிரி இருந்திருக்கும்.

தையற்கடை என்னைக் கடந்து போயிற்று. தையற்காரர் வாயில் ஊசியோடு எழுந்து நின்றார். சலூனில் பாதி முகம் சவரமான ஒருவர் நாற்காலியோடு திரும்பினார். நாற்சந்தியில் ஒரு பேருந்து எங்களுக்காக நின்றது, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் ஒன்பது நின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மச்சானின் உதடு அசைந்தது. ஆஹா, இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. தொழில் பழக்கம், தப்படி எண்ணுகிறார்.

தோள்பட்டி அறுத்தது. கை மரத்துப்போயிற்று. பேசாமல் நான் வைத்திருக்கலாம், யாரும் தலையைச் சீவியிருக்க மாட்டார்கள். ஆனால் மறுநாள் பெயிண்டர் வரப் போகிறார். பின்நடையார் ஒருவர் 'வை' கேட்காமல் வைத்துவிட்டார் என்றால், அப்புறம் அந்தப் பெயரை லாரியில் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? நடந்தேன். மச்சான் எதற்கு நடந்தார் என்பது அவருக்கும் அவர் அம்மாவுக்கும் வெளிச்சம்.

வீடுகள் குறைந்தன. ஓரக்கண்ணில் ஒரு கல் வந்தது. வெள்ளையடித்த எல்லைக்கல். இந்த ஊரின் எல்லையை அளந்து அந்தக் கல்லை அங்கே நட்டதே மச்சான்தான், வேலையில் சேர்ந்த புதிதில். அதைக் கடக்கும்போது, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் சுற்றுகிறவன் வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி அதை ஒரு பார்வை பார்த்தார். அதிகாரபூர்வமாக ஊரை விட்டு வெளியேறிவிட்டோம். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவர் முகம் மாறியது. என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தோளுக்கு மேலே பார்த்தார். நான் ஒரு அடி வைத்தேன். இன்னொன்றுக்குக் காலைத் தூக்கினேன்.

"வைங்க மாப்பிள்ளை. அப்படியே வைங்க. காலைப் பின்னால வெக்காதீங்க."

தூக்கிய காலை முன்னால் ஊன்றிக்கொண்டு பீரோவை வைத்தேன். அப்புறம்தான் திரும்பினேன். குழாய் பதிக்க வெட்டிய பள்ளம். தடுப்பு இல்லை, சிவப்புத் துணி இல்லை. ஆழம் என்றால், ஒரு யானை உள்ளே நின்று தும்பிக்கையைத் தூக்கினால் நுனி மட்டும்தான் வெளியே தெரியும். என் குதிகால் நின்றிருந்த இடத்திலிருந்து மண் இன்னும் பொலபொலவென்று உள்ளே உதிர்ந்துகொண்டிருந்தது.

மச்சான் பீரோவைச் சுற்றி ஓடி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, பீரோவின் மேலேயே உட்கார வைத்தார். அவர் அம்மாவின் பீரோ. விழுந்திருந்தால் தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வேன் என்று என்னைத் திட்டினார், என் முப்பாட்டனாரையும் சேர்த்துத் திட்டினார். பேச மாட்டேன் என்ற ஆள் அரை மணி நேரத்துக்கு வேண்டியதை ஒரே மூச்சில் பேசினார். கீறல் புதுசுதான் மச்சான், நான் போட்டதுதான் என்றேன். தெரியும் என்றார்.

அப்புறம் பழக்க தோஷம், டேப்பை எடுத்தார். பீரோவின் காலிலிருந்து பள்ளத்தின் விளிம்பு வரை இழுத்தார். குனிந்தவர் நிமிரவில்லை. டேப்பைப் பார்க்கிறார், பீரோவைப் பார்க்கிறார், பள்ளத்தைப் பார்க்கிறார். இடுப்பு பிடித்துக்கொண்டதோ என்று பயந்துவிட்டேன்.

"மாப்பிள்ளை, அந்தப் போட்டோல, வாசப்படிக்கு முன்னால ஒரு கிணறு இருக்கே."

"ஆமா."

"பீரோவை வெச்ச எடத்துலயேதானே வீட்டைக் கட்டினாங்க?"

"அப்படித்தான் சொல்வாங்க."

டேப்பின் நுனியைக் கைவிட்டார், அது சர்ரென்று சுருண்டு உள்ளே போயிற்று. தாகமாம், மழையாம், தும்மலாம். இத்தனை வருடம் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னவன் நான், இது ஒன்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. முப்பாட்டனாரின் அந்த மச்சானுக்குத் தாகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஆற்றிலும் எல்லையிலும் திறக்காத வாயை, தங்கச்சி புருஷனின் குதிகாலுக்குப் பின்னால் கிணற்றைப் பார்த்ததும் திறந்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று சொல்லிக்கொண்டேன். மச்சானுக்கும் தூசிதான் போலிருக்கிறது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

மகள் பெயர் எழுதாத புது லாரியில் ஆட்களோடு வந்து எங்களையும் பீரோவையும் ஒன்றாக ஏற்றினாள். வழியெல்லாம் திட்டினாள். பச்சை கேட் வீட்டில் பீரோவை எங்கே வைப்பது என்று ஆட்கள் கேட்டபோது, மச்சான் மூன்று இடம் மாற்றிவிட்டு, கீறல் வெளியே தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை பெயிண்டர் வாளியும் தூரிகையுமாக வந்து லாரியின் நெற்றியில் சுண்ணக்கட்டியால் இரண்டு கோடு இழுத்துவிட்டு, என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். மகள் என்னைப் பார்க்கவில்லை. காபி டம்ளரோடு வாசலில் நின்றிருந்த மச்சானைப் பார்த்தாள்.

"மாமா, அப்பா சொல்ற கதையை எனக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து புளுகுன்னு சொல்றவர் நீங்க. நீங்களே சொல்லுங்க, சிறகுன்னு எழுதச் சொல்லட்டுமா?"

மச்சான் காபியை உறிஞ்சினார். உள்ளே போய், கூடத்தில் இருந்த புகைப்படத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். எனக்கு நெஞ்சு பீரோ கதவு மாதிரி அடித்துக்கொண்டது. வெளியே வந்தார். என் பக்கம் திரும்பாமல், பெயிண்டரைப் பார்த்துச் சொன்னார்.

"பின்நடையார்னே எழுதுப்பா, எழுத்து பெருசா இருக்கட்டும். அவங்க முப்பாட்டன் பீரோவோட எல்லை தாண்டிப் போனது நிஜம்தான்."